டைமன் ராணியைத் தூக்கினது சரியா? மஞ்சூரியன் கேண்டிடேட் பஞ்சாயத்து

டூரிங் டாக்கீஸ்:
நேத்து ரீமேக் திரியில செவ்வந்தி எழுதினதைப் படிச்சதுலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு. 'மஞ்சூரியன் கேண்டிடேட் படத்தை 2004ல திரும்ப எடுத்தப்ப செஞ்ச ஒரே புத்திசாலித்தனம், அந்தச் சீட்டுக்கட்டுச் சமாச்சாரத்தைத் தூக்கிப் போட்டது.' இதான் அம்மணி உதிர்த்த முத்து.
பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா: 1962, ஜான் ஃபிராங்கன்ஹைமர் படம். கொரியப் போர்ல பிடிபட்ட அமெரிக்க சிப்பாய் ரேமண்டை கம்யூனிஸ்டுங்க மஞ்சூரியாவுல வெச்சு மூளைச்சலவை பண்ணி, வீரப்பதக்கத்தோட ஊருக்கு அனுப்புறாங்க. 'பொழுது போகலையா, தனியா ஒரு ஆட்டம் சீட்டு ஆடேன்'னு சொன்னா உக்காந்து ஆடுவான். டைமன் ராணி திரும்பினா ஆள் காலி. அப்புறம் சொன்னதைச் செய்வான், கொலை உட்பட. அந்தச் சீட்டை எடுத்துட்டா படத்துல என்ன மிச்சம்?

செவ்வந்தி:
பாதி மட்டும் எடுத்துப் போட்டதுக்கு நன்றி சார். அதே பதிவுல, 2004 படத்தோட இயக்குநர் ஜோனதன் டெம்மி கம்யூனிஸ்டுகளுக்குப் பதிலா மஞ்சூரியன் குளோபல்னு ஒரு கம்பெனியை வெச்சதையும், கொரியாவை 1991 குவைத்தா மாத்தினதையும் பத்தி எழுதியிருந்தேன். அது உங்க கண்ணுல படாது. சீட்டு மட்டும் படும்.
2004ல ரேமண்ட் துணை ஜனாதிபதி வேட்பாளர். சுத்தி எப்பவும் நூறு பேர். அவன்கிட்ட போய் 'தம்பி, ஒரு ஆட்டம் போடுறியா'ன்னு கேட்க முடியுமா? ராணுவப் பதவியையும் முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிட்டா போதும்னு வெச்சாங்க. போன்லயே முடிஞ்சிடும்.

டூரிங் டாக்கீஸ்:
அதான் கேக்குறேன். போர்வீரன்னு சொல்லி ஓட்டு கேக்குற ஆளை மேடைக்கு மேடை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க? பதவியும் முழுப்பேரும் சொல்லித்தானே? மைக் பிடிக்கிற வட்டச் செயலாளர் ஒவ்வொருத்தனும் இவனை பொம்மை ஆக்கிடலாமே! சீட்டுல இந்த ஓட்டை இல்லை.

பால்கனி டிக்கெட்:
தலைப்பைப் பார்த்து கோபி மஞ்சூரியன் ரெசிப்பின்னு உள்ள வந்தேன். வந்தது வந்துட்டேன், நடத்துங்க.

செவ்வந்தி:
சீட்டுல ஓட்டை இல்லையா? நியூயார்க் பார்ல நடக்கிறது என்ன? பார்க்காரர் யாருக்கோ கதை சொல்லிக்கிட்டிருக்கார். கதைக்குள்ள சீட்டு ஆடுன்னு ஒரு வரி, போய் ஏரியில குதின்னு ஒரு வரி. இதைக் கேட்ட ரேமண்ட் டாக்சி பிடிச்சு சென்ட்ரல் பார்க் போய், குளிர்ல நிஜமாவே ஏரியில குதிக்கிறான். ஒரு வல்லரசோட ரகசிய ஆயுதத்தை ஒரு சரக்கு ஊத்துற ஆள் ஓட்டலாம்னா, அது ஆயுதமா, ஷேர் ஆட்டோவா?

டூரிங் டாக்கீஸ்:
ஐயோ, அந்தக் காட்சிக்குக் கோயில் கட்டணும்மா! அதைப் பார்த்துத்தான் ஃபிராங்க் சினாட்ராவுக்கு, அதாவது ரேமண்டோட ராணுவ மேலதிகாரி மார்கோவுக்கு, சூட்சுமம் பிடிபடுது. கடைசியில மார்கோ ஒரு கட்டு நீட்டுறார். ஒண்ணு திருப்பினா டைமன் ராணி, அடுத்ததும் டைமன் ராணி, கட்டு முழுக்க டைமன் ராணி. ரேமண்ட் முகம் போற போக்கைப் பாருங்க. திரையில அந்தச் சிவப்பு ராணிங்க வரிசையா விழறப்ப எனக்கு இன்னிக்கும் புல்லரிக்கும்.

செவ்வந்தி:
கருப்பு வெள்ளைப் படம் சார்.

பால்கனி டிக்கெட்:
😂😂 அவுட்டு!

டூரிங் டாக்கீஸ்:
டைமன் சிவப்புன்னு தெரிய கலர் படம் வேணுமா? முப்பது வருஷமா மொட்டை மாடியில ரம்மி ஆடுறவன்யா நான். கரண்ட் போனாலும் டைமன் சிவப்புதான்.

புத்தகப்பூச்சி:
நடுவுல ஒரு விஷயம். ரிச்சர்ட் காண்டன் 1959ல எழுதின நாவல்தான் ரெண்டு படத்துக்கும் மூலம். அப்போ 2004ல வந்தது ரீமேக்கா, இல்லை நாவலை ரெண்டாவது தடவை படமாக்கினதா? இதை முதல்ல முடிவு பண்ணிட்டா பாதி சண்டை தீர்ந்துடும்.

டூரிங் டாக்கீஸ்:
பூச்சி, நாவல்ல டைமன் ராணி உண்டா இல்லையா? உண்டுல்ல? போதும், உக்காருங்க.

ராத்திரிக்காட்சி:
1963ல கென்னடியைச் சுட்டதும் சினாட்ராவே மனசு கேக்காம இந்தப் படத்தை இருபத்தஞ்சு வருஷம் பூட்டி வெச்சாராமே. அப்படிப்பட்ட படத்தைத் தொட்டதே தப்புங்கிறேன்.

புத்தகப்பூச்சி:
அது கட்டுக்கதை. 1965ல சிபிஎஸ் டிவியிலேயே ஓடியிருக்கு. உரிமை சினாட்ரா கைக்கு வந்தது 1972ல. 1988ல திரும்பத் தியேட்டருக்கு வந்தது. 2004 படத்தோட தயாரிப்பாளர்கள்ல ஒருத்தர் டீனா சினாட்ரா, அவர் பொண்ணுதான். 'தொட்டது தப்பு'ன்னா அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.

ராத்திரிக்காட்சி:
நான் புத்தகத்துல படிச்சேன். நீங்க எங்க படிச்சீங்க, போண்டா கட்டின பேப்பர்லயா?

டூரிங் டாக்கீஸ்:
ரெண்டு பேரும் வெளியில போய் சண்டை போடுங்க. நான் சீட்டுக்கு வர்றேன். டைமன் ராணி யாரு? ரேமண்டோட அம்மா, அவனை ஆட்டி வைக்கிறவ. அவன் உசுரா நேசிச்சு, உள்ளுக்குள்ள வெறுக்கிற அம்மாவை ஞாபகப்படுத்துற சீட்டுன்னு படத்துலேயே வசனம் இருக்கு. அவன் காதலி ஜோசலின் மாறுவேட விருந்துக்கு அதே டைமன் ராணி வேஷத்துல வருவா. அம்மா போட்ட மந்திரத்தை அரை நாள் காதலி எடுத்துக்கிறா! உங்க 2004ல இதுக்கு ஈடு எங்க? மண்டையில சிப் வெச்சா தீர்ந்துச்சா? 1962ல அம்மாவா நடிச்ச ஏஞ்சலா லான்ஸ்பரி பிறந்தது 1925, மகனா நடிச்ச லாரன்ஸ் ஹார்வி 1928. மூணே வயசு வித்தியாசம். ஆனா அவங்க சீட்டை எடுத்து வைக்கச் சொல்றப்ப நம்ம வீட்டுப் பெரியம்மா மாதிரி அடிவயிறு கலங்கும்.

செவ்வந்தி:
2004ல அம்மாவா வர்ற மெரில் ஸ்ட்ரீப்புக்குச் சீட்டே வேண்டாம் சார். அவங்க பார்த்தாலே போதும். கிளைமாக்ஸ்ல வெற்றி மேடையில அம்மாவை அணைச்சு ஆடிக்கிட்டே, துப்பாக்கி குறி வைக்கிற இடத்துக்கு மகன் தானா நகர்றான். மார்கோ மேல இருந்து சுடணும்னு அவனுக்குத் தெரியும். ஒரே தோட்டா, ரெண்டு பேர். 1962ல அவன் மறைஞ்சிருந்து அம்மாவையும் மாற்றான் தகப்பனையும் சுட்டுட்டு, பதக்கத்தை மாட்டிக்கிட்டுத் தன்னையும் சுட்டுக்கிறான். எனக்கு 2004 சாவுதான் கனமா இருக்கு.

டூரிங் டாக்கீஸ்:
அப்போ பால் பாக்கெட்? 1962ல ரேமண்ட் சுடுறப்ப, மாமனார், அதாவது ஜோசலின் அப்பா, கையில இருக்கிற பால் டப்பாவைத் துளைச்சுக்கிட்டு தோட்டா போகும், ரத்தத்துக்குப் பதிலா பால் ஊத்தும். 2004ல அதே ஆளைத் தண்ணியில அமுக்கிக் கொல்றாங்க. பாலைத் தண்ணியாக்கின கதை, வேற என்ன சொல்ல? டைமன் ராணி போச்சு, பாலும் போச்சு.

பால்கனி டிக்கெட்:
இன்னிக்கு மூணாவது தடவை எடுத்தா சீட்டும் வேணாம், பேரும் வேணாம். எங்க மாமாவுக்கு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு போதும், அடுத்த நிமிஷம் குடும்ப குரூப்புல ஏழு பேரைச் சுட்டுடுவார்.

செவ்வந்தி:
இதைத்தான் சொல்ல வந்தேன். 1962ல அவங்க பயம் சிவப்புச் சீனா, சோவியத். 2004ல பணம் போடுற கம்பெனி. பயம் மாறினா பொறியும் மாறணும். போன வருஷத் திரியில 'ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்'னு முப்பது தடவை எழுதினவருக்கு இது ஏறாது.

டூரிங் டாக்கீஸ்:
போன வருஷத் திரியை எதுக்கு இழுக்கணும்? அதுல பாதியில ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். எத்தனை பயம் மாறினாலும் சீட்டு சீட்டுதான். பேர் சொன்னா நாய்க்குட்டிகூடத்தான் வரும்.

மணி_90:
வணக்கம், புதுசா சேர்ந்திருக்கேன். ரெண்டு படமும் இன்னிக்கு நைட் பார்க்கப் போறேன். கிளைமாக்ஸை மட்டும் யாரும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

டூரிங் டாக்கீஸ்:
தம்பி, மேல போய்ப் பாரு. சொன்னது செவ்வந்தி.

செவ்வந்தி:
கட்டு முழுக்க டைமன் ராணின்னு எனக்கு முன்னாடியே போட்டு உடைச்சது யாருன்னும் பாரு தம்பி.

டூரிங் டாக்கீஸ்:
அது கிளைமாக்ஸ் இல்லை. படத்தை ஒழுங்கா பார்த்திருந்தா தெரியும்.