உதவி: கோவை – மைசூர் காரில் போக எந்த வழி? நடுவில் எங்கே நிற்கலாம்?

கணபதி_கடைக்காரர்:
வணக்கம் நண்பர்களே. இந்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு மைசூர் போகிறோம். ரூம் போட்டாச்சு. ஊட்டி வழியா, சத்தி (சத்தியமங்கலம்) – திம்பம் மலை வழியா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. போய்ச் சேர்ந்தால் போதும் என்று இல்லை, வழி நெடுக அழகாக இருக்க வேண்டும், இறங்கிப் பார்க்க இரண்டு மூன்று இடமும் வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

குன்னூர்_குளிர்:
ஊட்டியேதான், யோசிக்கவே வேண்டாம். பைக்காரா தாண்டி நடுவட்டம் இறக்கத்தில் தேயிலைத் தோட்டம், அப்புறம் கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட்டை. ஒரே நாளில் மலை, தோட்டம், காடு மூன்றும் பார்க்கலாம். இ-பாஸ் மட்டும் முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு அது கட்டாயம். வண்டியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

அன்னூரான்:
எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? வண்டியில் யார் யார்?

பழைய_ஸ்டியரிங்:
தம்பி, மலைவழி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கிழமை, கிளம்பும் நேரம், வண்டி, கூட வருகிறவர்கள், இந்த நான்கும் இல்லாமல் கேட்டால் யாரும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கிற பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை.

கணபதி_கடைக்காரர்:
மன்னிக்கணும். சனிக்கிழமை ராத்திரி கடை சாத்திவிட்டு 9 மணி வாக்கில் கிளம்பினால் விடியும்போது மைசூரில் இருக்கலாம் என்று கணக்கு.

அன்னூரான்:
அப்படியானால் இரண்டு வழியும் கிடையாதுங்க! திம்பம் மலையடிவாரத்தில் இருக்கிற பண்ணாரி செக்போஸ்ட்டில் கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. பந்திப்பூர் பக்கமும் அதே 9 முதல் 6 தான், அங்கே 2009-லிருந்தே அப்படி. நீங்கள் பண்ணாரி போய்ச் சேரும்போது கேட் சாத்தியிருக்கும், விடியும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அழகான வழி கேட்கிறீர்கள், இருட்டில் என்ன தெரியும்? நல்லாத் தூங்கிவிட்டு ஞாயிறு விடியக்காலை கிளம்புங்க.

கணபதி_கடைக்காரர்:
அய்யோ, இது தெரியாது. சரி, ஞாயிறு காலையே கிளம்புகிறோம். அம்மாவும் பாப்பாவும் வருகிறார்கள். பாப்பாவுக்கு வளைவு என்றாலே வாந்தி. வண்டி ஆட்டோமேட்டிக்.

குன்னூர்_குளிர்:
பாப்பாவுக்கு எலுமிச்சம்பழம் கையில் கொடுத்து மோந்துகொண்டே வரச் சொல்லுங்கள்.

பல்லடம்_பாட்டி_பேரன்:
எலுமிச்சை இருக்கட்டும், முதலில் கையில் செல்போன் கொடுக்காதீர்கள். ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்த்துக்கொண்டே வரட்டும். காலையில் இரண்டு இட்லி போதும். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் வாந்தி, காலி வயிறென்றாலும் வாந்தி.

சத்திப்பூ:
வாந்தி வரும் குழந்தை என்றால் என் ஓட்டு திம்பத்துக்குத்தான். 27 கொண்டை ஊசி வளைவு என்றதும் பயப்படுவார்கள், ஆனால் அது ஒரே மூச்சில் முடிந்துவிடும். மேலே ஏறிவிட்டால் ஆசனூர் வழியாகப் பெரும்பாலும் மேட்டுநிலப் பாதைதான். ஊட்டி வழி என்றால் குன்னூர் ஏற்றம், பிறகு கூடலூர் இறக்கம் என்று வளைவு தொடர்ந்துகொண்டே இருக்கும்.

நான் போகும் வழி சொல்கிறேன். அன்னூர் தாண்டி புளியம்பட்டியில் டிபன் முடித்து, அங்கேயே டேங்க் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சத்தி ஊருக்குள் போகாமல் பவானிசாகர் பக்கம் திரும்புங்கள். மண்ணால் கட்டிய அவ்வளவு நீள அணையைப் பார்ப்பதே ஒரு அனுபவம். 1948-இல் வேலை தொடங்கி 1955-இல் முடித்தார்கள், முழு நீர்மட்டம் 105 அடி. ஈரோட்டுப் பக்கம் வயல் பச்சையாக இருப்பது பெரிதும் இந்தத் தண்ணீரால்தான். அங்கிருந்து புதுப்பீர்கடவு, ராஜன் நகர் வழியாக நேராகப் பண்ணாரி போய்விடலாம். அந்தச் சாலையிலும் யானை குறுக்கே வரும், காலையில் மெதுவாகப் போங்கள்.

பண்ணாரியில் அம்மாவை இறக்கி அம்மனைக் கும்பிட வையுங்கள். அங்கே திருநீறாகத் தருவது புற்றுமண். பாத்ரூம் போவதெல்லாம் அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் செக்போஸ்ட் தாண்டினால் காட்டுக்குள் எங்கும் நிறுத்தக் கூடாது. குரங்குக்குத் தின்பண்டம் போடவே கூடாது. டீ குடிக்க ஆசனூரில் நிற்கலாம்.

கடைசி நிறுத்தம் நஞ்சன்கூடு. கபிலை ஆற்றங்கரையில் நஞ்சுண்டேஸ்வரர் கோயில், மைசூருக்கு முன்னாலேயே வரும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாலை 7 மணிக்கு அரண்மனையில் விளக்கலங்காரம் உண்டு, அதற்குள் போய்விடுங்கள்.

பழைய_ஸ்டியரிங்:
இடம் சொன்னீர்கள், ஓட்டும் முறை யார் சொல்வது? ஆட்டோமேட்டிக் வண்டியை டி (டிரைவ்) கியரிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்கக் கூடாது. திரும்பி வரும்போது மேனுவல் மோடில், அது இல்லாவிட்டால் எல் (லோ) கியரில் போட்டு இன்ஜின் பிடிப்பில் இறங்க வேண்டும். லாரி வளைவில் திரும்ப முழு சாலையும் எடுக்கும், நாம் வளைவுக்கு முன்பே நின்று வழி விட வேண்டும். ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. பனி மூட்டத்தில் ஹை பீம் போடாதீர்கள். இதெல்லாம் அடிப்படை.

தாளவாடி_விவசாயி:
எல்லாரும் மைசூர் போகத்தான் அந்த ரோடு என்று பேசுகிறீர்கள். எங்களுக்கு அது ஒன்றுதான் சத்திக்கும் கோவைக்கும் வழி. பகலில் பறித்த தக்காளியும் முட்டைக்கோசும் மாலை 6-க்குப் பெரிய வண்டி நின்றுபோனால் என்ன ஆகும்? 2022 பிப்ரவரியில் ராத்திரி வண்டி போகக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தபோது நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

காட்டுப்பாதை:
உங்கள் கஷ்டம் புரிகிறதுங்க. ஆனால் அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 1,408 சதுர கிலோமீட்டர். பந்திப்பூர், முதுமலை, பிலிகிரிரங்கன் மலை மூன்றையும் சேர்க்கிற காடு. ராத்திரியில் மானும் சிறுத்தையும் டயரில் செத்துக் கிடந்ததால்தான் கோர்ட்டுக்கே போனார்கள்.

தாளவாடி_விவசாயி:
நாங்கள் தலைமுறையாக அந்தக் காட்டோடுதான் இருக்கிறோம். பாரம் கூடின லாரிகளை நிறுத்தியது சரி, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. உள்ளூர் விளைச்சல் ஏற்றிய சின்ன வண்டிக்கு இன்னும் தாராளமாக வழி விடட்டும் என்றுதான் கேட்கிறோம்.

காட்டுப்பாதை:
கரும்பு லாரிக்காக யானைகள் காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரம் தின்னப் பழகிய யானை காட்டுக்குள் திரும்பிப் போவது கஷ்டம். ராத்திரியாவது அதுகளுக்கு விட வேண்டும்.

அன்னூரான்:
இதற்குத் தனி இழை போடுங்க, இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கு. கடைக்காரர் என்ன முடிவு பண்ணினார்?

கணபதி_கடைக்காரர்:
திம்பம் வழியாகப் போய் வந்தாச்சு. எல்லாருக்கும் நன்றி. அணையும் பண்ணாரியும் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. ஆசனூர் தாண்டி ரோட்டோரம் குட்டியோடு யானை நின்றது, தள்ளி நிறுத்தி அது போன பிறகு நகர்ந்தோம். பாப்பா வாந்தி எடுக்கவில்லை.

குன்னூர்_குளிர்:
எலுமிச்சை கொடுத்தீர்களா?

சத்திப்பூ:
திரும்பும்போது பண்ணாரி கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள்? சனிக்கிழமை எங்கள் ஆட்களும் அதே வழியில் வருகிறார்கள், சாம்ராஜ்நகரிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.