ஓப்பரேஷனுக்கு முன் எந்த ஸ்கான்? சிறுநீரகக் கட்டி, எங்கள் அனுபவம்

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. போன வருடம் சலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. நோவு இல்லாததால் இரண்டு கிழமை எங்களிடம் சொல்லவே இல்லை. அல்ட்ராசவுண்ட் பார்த்ததில் வலது சிறுநீரகத்தில் கட்டி என்றார்கள்.

முதலில் நடந்த பிழையைச் சொல்கிறேன், இன்னொருவருக்கு அது நடக்கக் கூடாது. பதற்றத்தில் ஒரு தனியார் இடத்துக்கு ஓடி சி.டி. எடுத்தோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்த ரிப்போர்ட் கையில் இல்லை என்று சாய மருந்து ஏற்றாமலே எடுத்துத் தந்துவிட்டார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டு, "கட்டி இருக்கிறது என்று எனக்கு முதலே தெரியும் பிள்ளை, இதில் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை" என்றார். சாயம் ஏற்றி, இரத்த நாடிகள் நிறையும் நேரத்தில் ஒரு தரம், சிறுநீரகம் முழுக்கச் சாயம் பரவிய பிறகு இன்னொரு தரம் எடுக்க வேண்டுமாம். காசும் போய் ஒரு கிழமையும் போனது.

இரத்தப் பரிசோதனை முடித்துத் திரும்ப எடுத்தோம். சாயம் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, உடுப்போடு சலம் போய்விட்டது மாதிரி இருந்ததாம். வெளியே வந்து என் காதோடு சொன்னார் அப்பா. அது எல்லாருக்கும் வருவதுதான் என்று யாராவது முதலே சொல்லியிருந்தால் அவ்வளவு கூனிக்குறுகியிருக்க மாட்டார்.

கட்டி 6 சென்ரிமீற்றர். 7க்குள் இருந்து, சிறுநீரகத்தை விட்டு வெளியே வராவிட்டால் புற்றுநோயின் முதலாம் நிலை. ஆனால் ரிப்போர்ட்டில் சிறுநீரக நாளத்துக்குள், அதாவது சிறுநீரகத்திலிருந்து இரத்தம் வெளியே போகும் குழாய்க்குள், ஏதோ நிழல் என்று ஒரு வரி இருந்தது. நாளத்துக்குள் கட்டி நுழைந்திருந்தால் அளவு எதுவானாலும் மூன்றாம் நிலையாம். டொக்டர் பார்மசி பில்லைத் திருப்பிப் போட்டுப் பேனையால் கீறினார். நடுவில் இரண்டு கோடு, அது இதயத்துக்குப் போகும் கீழ்ப் பெருநாளம். வலது சிறுநீரகத்து நாளம் கட்டையானது, அதனால் கட்டி பெருநாளத்துக்குள் சுலபமாக வந்துவிடும். "இதன் நுனி எங்கே நிற்கிறது? ஈரலுக்குக் கீழேயா, மேலேயா? எங்கே நாளத்தை இறுக்கிப் பிடிப்பது, இதய சத்திரசிகிச்சை நிபுணரையும் கூப்பிடுவதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது." கால்களிலிருந்து வரும் சாயமில்லாத இரத்தமும் சிறுநீரகத்துச் சாய இரத்தமும் கலக்கிற இடத்தில் சி.டி. சில வேளை ஏமாற்றிவிடும் என்றும் சொன்னார். அதற்காகத்தான் எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ.யில் மூச்சைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் கலங்கிவிடும். உள்ளே ஒலிபெருக்கியில் சொல்வது சிங்களத்தில். அப்பா காலமெல்லாம் பருத்தித்துறையில் இருந்தவர். வெளியே வாங்கில் இருந்தபடி சொல்லிக் கொடுத்தேன்: "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழுங்கோ, "அல்லகன்ன" என்றால் பிடியுங்கோ. பத்துத் தரமாவது சொல்லிப் பார்த்திருப்பார். உள்ளே போகும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

நுனி சிறுநீரக நாளத்திலேயே நின்றிருந்தது, பெருநாளம் சுத்தம். நோய் பரவியிருக்கிறதா என்று நெஞ்சுக்கு எடுத்த சி.டி.யிலும் ஒன்றுமில்லை. அன்று இரவுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டா.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பதில்:

தங்கச்சி, என் அவருக்கு 3 சென்ரிமீற்றர்தான். உடம்பு முழுக்கப் புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கான் எடுத்தால் எல்லாம் தெரியும் என்று சொந்தக்காரர் ஆளுக்கு ஆள் சொல்ல, நான் டொக்டரோடு சண்டையே பிடித்தேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அதற்கு ஏற்றும் குளுக்கோஸ் மருந்து சலத்தோடுதான் வெளியேறுமாம், அதனால் சிறுநீரகம் தானாகவே படத்தில் பளிச்சென்று நிற்கும். இந்தப் புற்றுநோயில் சில கட்டிகள் அந்த மருந்தை எடுப்பதும் குறைவு. எலும்பு ஸ்கானும் கேட்டேன். எலும்பு நோவு இல்லை, எலும்பில் பிரச்சினை இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய அல்கலைன் பொஸ்பற்றேஸும் சரியாக இருக்கிறது, தேவையில்லை என்றார். டொக்டர் சி.டி.யில் தேடியது வேறு: கட்டி எவ்வளவு ஆழம், எத்தனை நாடி போகிறது. இரண்டு நாடி இருந்தது. அது முதலே தெரிந்ததால்தான் கட்டியை மட்டும் வெட்டி மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடிந்தது என்றார்.

தெமட்டகொடையிலிருந்து இன்னொன்று:

அம்மாவுக்குச் சீனி வருத்தம், கிரியேட்டினினும் அதிகம். சீனிக்கு மெட்போமின் குளிசை போடுகிறவர்கள் அதை ஸ்கானுக்கு முதலே சொல்லுங்கள், நிற்பாட்ட வேண்டுமா என்று டொக்டர் சொல்வார். எங்களுக்குச் சி.டி. சாயம் வேண்டாம் என்று எம்.ஆர்.ஐ.க்கு மாற்றினார்கள். எம்.ஆர்.ஐ. மருந்துக்கும் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு எடுத்தார்கள். உடம்பில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்றும் கேட்டார்கள்.

மறுபடியும் நான். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கடதாசி ரிப்போர்ட்டோடு நிற்காமல், ஸ்கான் படங்கள் பதிந்த கொம்பியூட்டர் தட்டையும் கேட்டு வாங்குங்கள். எங்கள் டொக்டர் ரிப்போர்ட்டை ஒரு நிமிடம்தான் பார்த்தார், தட்டைப் போட்டு அரை மணித்தியாலம் ஒவ்வொரு படமாக உருட்டிப் பார்த்தார்.