உதவி: டிஎஸ்1302 க்ளாக் கிட், கரன்ட் போனா டைம் போயிடுது, வேகமாவும் ஓடுது

ஈயக்கம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நாலு டிஜிட் செவன் செக்மென்ட் க்ளாக் கிட் ஒண்ணு வாங்கி சால்டர் பண்ணேன், ஏடி89சி2051 மைக்ரோகன்ட்ரோலர், டைம் வச்சிருக்க தனியா டிஎஸ்1302 ஐசி, சிஆர்2032 பேட்டரி, யுஎஸ்பி 5 வோல்ட்ல ஓடுது. டிஸ்ப்ளே பளிச்சுன்னு வருது, பட்டனும் ஓகே. ஆனா ப்ளக்கைப் புடுங்கி மாட்டினா திரும்ப 12:00க்கு போயிடுது, பேட்டரி புதுசுதான், கழட்டி மீட்டர் வச்சா 3 வோல்ட்டுக்கு மேல காட்டுது. இன்னொண்ணு, கிட்ல டைம் எண்ண துடிப்பு தர்ற சின்ன கிரிஸ்டல் வரல, 32.768 கிலோஹெர்ட்ஸ்னு சொல்லி கடையில வாங்கிப் போட்டேன், வாரத்துக்கு கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் முன்னாடி ஓடுது. அப்பா மாத்திரை போடுறதுக்கு இதைத்தான் பாக்கப் போறாரு, அதான் விடாம கேக்குறேன்.

மதுரை_டிஐஒய்:
பேட்டரியை கழட்டிப் பாத்தா பத்தாது ப்ரோ. அது ஹோல்டர்ல இருக்கும்போதே ப்ளக்கைப் புடுங்கிட்டு ஐசியோட 8வது பின்னுக்கும் 4வது பின்னுக்கும் நடுவுல வோல்டேஜ் பாருங்க, 8தான் பேக்கப் சப்ளை, 4 க்ரவுண்ட். அங்க 3 வோல்ட் வரலைன்னா ஹோல்டர் கால்ல ட்ரை சால்டர், அதாவது ஈயம் சரியா ஒட்டல. மைனஸ் கால் பெரிய க்ரவுண்ட் காப்பர்ல போய் சேருது, சூட்டையெல்லாம் அதுவே இழுத்துக்கும், 25 வாட் அயர்ன் வச்சா ஈயம் மேல உருண்டையா நிக்குமே தவிர கீழ பரவாது.

ஈயக்கம்பி:
அதேதான் அண்ணா! அரை வோல்ட் கூட வரல. ஃப்ளக்ஸ் (ஈயம் பரவ உதவுற பசை) தடவி கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சு சூடு பண்ணேன், ஈயம் அப்படியே தட்டையா ஓடிடுச்சு. இப்போ ராத்திரி முழுக்க ஆஃப்ல வச்சாலும் டைம் நிக்குது, ரொம்ப நன்றி. வேகமா ஓடுறது மட்டும் அப்படியே இருக்கு.

ஓம்விதி:
அதுக்கு காரணம் கிரிஸ்டல். 32.768னு மட்டும் கேட்டா கடையில பெரும்பாலும் 12.5 பிகோஃபாரட் லோட் (கிரிஸ்டல் சரியா ஓட சர்க்யூட் தர வேண்டிய கெபாசிட்டன்ஸ்) உள்ளதுதான் தருவாங்க, டிஎஸ்1307ங்கிற இன்னொரு க்ளாக் ஐசிக்கு அது சரி. டிஎஸ்1302க்கு 6 பிகோஃபாரட் வேணும். 12.5க்கு செஞ்ச கிரிஸ்டலுக்கு இந்த ஐசி 6தான் தருது, லோட் அப்படி கம்மியா இருந்தா கிரிஸ்டல் வேகமா அதிரும், மாசத்துக்கு மூணு நாலு நிமிஷம் முன்னாடி போகும், உங்க கணக்கோட ஒத்துப் போகுதா பாருங்க. சிலர் ரெண்டு பக்கமும் கெபாசிட்டர் வச்சு சரி பண்ணுவாங்க, நான் சொல்ல மாட்டேன், ஆசிலேட்டர் ஸ்டார்ட்டே ஆகாம போகலாம். சென்னையில இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல 6 பிகோஃபாரட்னு அழுத்திக் கேளுங்க, கடைக்காரருக்குத் தெரியலைன்னா டேட்டாஷீட் உள்ள பார்ட் நம்பரா ஆன்லைன்ல ஆர்டர் போடுங்க. மாத்தும்போது காலை குட்டையா வெட்டுங்க, சுத்தி ஒட்டிருக்க ஃப்ளக்ஸை ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) வச்சு பல் துலக்குற பிரஷ்ல தேச்சு எடுங்க, அந்தப் பிசுக்கு வழியா லீக் ஆனாலும் டைம் தப்பும்.

மதுரை_டிஐஒய்:
சரியான கிரிஸ்டல் போட்டாலும் செகண்ட் சுத்தமா எதிர்பார்க்காதீங்க. இந்த வகை 25 டிகிரியிலதான் சரியா ஓடும், சூடு ஏறினாலும் குளிர்ந்தாலும் ஸ்லோ ஆகும். ரூம் 40 டிகிரி போச்சுன்னா நாளைக்கு முக்கால் செகண்டுக்குக் கொஞ்சம் கம்மியா பின்தங்கும், மாத்திரைக்கு அது ஒண்ணும் பண்ணாது. டிஎஸ்3231ங்கிற க்ளாக் ஐசி இதைவிட எவ்வளவோ துல்லியம், ஆனா அது மைக்ரோகன்ட்ரோலரோட ஐ2சிங்கிற வேற முறையில பேசும், பின் அமைப்பும் வேற, கிட்ல இருக்க ப்ரோக்ராமுக்கு ஒத்து வராது.

ஈயக்கம்பி:
6 பிகோஃபாரட் கிடைச்சுது, மாத்தி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, போன் டைமோட வச்சுப் பாத்தா ஒண்ணு ரெண்டு செகண்ட்தான் வித்தியாசம். அப்பா ரூம்ல வச்சாச்சு. பேட்டரி எத்தனை நாளுக்கு ஒருதரம் மாத்தணும்?

ஓம்விதி:
ஐசி அதுலருந்து எடுக்கிறது மைக்ரோ ஆம்பியர்ல ஒரு பங்குதான், வருஷக்கணக்கா வரும். ஒண்ணு மட்டும் செக் பண்ணிடுங்க, இந்த ஐசிக்குள்ள ட்ரிக்கிள் சார்ஜர் (பேட்டரியை மெதுவா சார்ஜ் ஏத்துற பகுதி) இருக்கு, சில ப்ரோக்ராம்ல அதை ஆன் பண்ணி வச்சிருப்பாங்க. பேட்டரியை எடுத்துட்டு ப்ளக் மாட்டி 8வது பின்ல பாருங்க, 4 வோல்ட் மாதிரி வந்தா சார்ஜ் ஆகுதுன்னு அர்த்தம், சிஆர்2032 சார்ஜ் ஏத்துற செல் இல்ல. அப்படி வந்தா பேட்டரி ப்ளஸ்ஸுக்கு சீரிஸ்ல ஒரு ஷாட்கி டயோடு (கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுறது) போட்டுடுங்க, கோடு போட்ட பக்கம் ஐசியைப் பாத்து இருக்கணும்.