பொருள்: ‘சாயில் அமெண்ட்மெண்ட்’ – மண்டேற்றியா, நிலந்தேற்றியா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் மொழிபெயர்க்கும் இரைப்புனக் கையேட்டின் மண் அதிகாரத்தில் ஒரு சொல் முட்டிக்கொண்டு நிற்கிறது. (காட்டுயிர்கள் மேய விதைத்துவிடும் துண்டு நிலமான ‘ஃபுட் பிளாட்’டுக்கு இரைப்புனம் என்று ஒத்துக்கொண்டாயிற்று. இரை என்றால் ஊனுண்ணிக்குத்தானே என்பவர்களுக்கு, மாடு அசைபோடுவதை இரைமீட்டல் என்கிறோமே, அது போதும்.) இப்போது சிக்கல் ‘சாயில் அமெண்ட்மெண்ட்’, அதாவது மண்ணின் இயல்பை மாற்ற இடும் பொருள். வரைவில் ஓரிடத்தில் உரம், ஓரிடத்தில் மண் சீர்திருத்தப் பொருள், இன்னோரிடத்தில் சுண்ணாம்பு உரம். கடைசியது ஆளைக் கவிழ்த்துவிடும்.

மூலக் கையேடு கிழக்கு அமெரிக்க மானுக்காக எழுதியது. மழை அதிகம், அமில மண். அதனால் எடுத்த எடுப்பிலேயே ஏக்கருக்கு 2 டன் சுண்ணாம்புக்கல் தூள் என்று தொடங்குகிறது. அவர்கள் டன் 907 கிலோ. சென்ட்டுக்கு 18 கிலோ வரும். இதைத் திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் 5 சென்ட் இரைப்புனத்துக்கு 90 கிலோ என்று இறைத்தால் என்ன ஆகும்? கார அமில நிலை (பி.எச்.) ஏற்கெனவே 8-ஐ ஒட்டி நிற்கும் மண் அது. இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போகும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். தட்டாம்பயறு இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாக நிற்கும். “உரம் பத்தலை” என்று மேலும் கொட்டத்தான் கை போகும். உரத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஒரே பெயர் வைத்ததன் பலன் இது.

முன்மொழிந்த சொற்களைப் பார்த்தேன். ‘மண்மருந்து’ ஆகாது, ஊரில் மருந்து என்றாலே பூச்சிமருந்து. ‘பண்படுத்தி’ என்றால் உழவு நினைவுக்கு வரும். ‘மண்திருத்தி’ நல்ல சொல்தான், ஆனால் காடு திருத்திக் கழனியாக்கிய மொழி நம்முடையது. காட்டுயிருக்காக எழுதும் நூலில் அது வேண்டாம்.

என் பரிந்துரை: தேற்றி. உடம்பு தேறுகிறது, வெள்ளாமை தேறுகிறது என்கிறோம். கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டையும் இருக்கிறது. பயிருக்கு ஊட்டுவது உரம், மண்ணைத் தேற்றுவது தேற்றி. மண்தேற்றி என்று வைக்கலாமா?

– ஒத்தக்கடை

*

ஐயா, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. இரண்டு தடை.

ஒன்று, புணர்ச்சி. மண் + தேற்றி = மண்டேற்றி. இலக்கணம் சரி, காதில் ‘மண்டை ஏத்தி’ என்று விழும். மரங்கொத்தி, பழந்தின்னி வழியில் நிலந்தேற்றி என்றால் வம்பில்லை.

இரண்டாவதுதான் பெரிது. ஜிப்சத்தை எதில் சேர்ப்பீர்கள்? நிலக்கடலைக்கு 40–45-ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போடுகிறோம். அது காய் திரளச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் கொடுக்க, அதாவது உரம். அதே ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் நிலத்தில் அந்தச் சோடியத்தை வெளியேற்றப் போனால் தேற்றி. சூப்பர் பாஸ்பேட் மூட்டையிலும் ஏறக்குறையப் பாதி ஜிப்சம்தான். பொருளுக்குப் பெயர் வைக்கிறோமா, வேலைக்கா?

– மேலூர்

*

மேலூர் ஐயாவுக்கு,

வேலைக்குத்தான். நீங்கள் கேட்டதால் வரையறை துலங்கிவிட்டது: மண் ஆய்வு அறிக்கையின் எந்த வரியைப் பார்த்து அளவை முடிவு செய்கிறோமோ, அதுவே பெயரைத் தீர்மானிக்கிறது. தழை (நைட்ரஜன்), மணி, சாம்பல் (பொட்டாசியம்) போன்ற ஊட்டச்சத்து வரிகளைப் பார்த்து இட்டால் உரம். கார அமில நிலை, உப்பின் நிலை, கரிமச் சத்து, சுண்ணாம்பு நிலை வரிகளைப் பார்த்து இட்டால் நிலந்தேற்றி. (நிலந்தேற்றியே இருக்கட்டும். மண்டையில் ஏற வேண்டாம்.)

ஆகவே மாதிரி எடுக்கும் பகுதி, சொல்லை அறிமுகப்படுத்துவதற்கு முன்னால் வர வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்: 5 சென்ட்தான் என்று ஒரே குழியில் அள்ளக் கூடாது, குறுக்கும் மறுக்கும் நடந்து எட்டுப் பத்து இடம். மேல்குப்பையை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, அந்த மண்ணைத் தள்ளிவிட்டு, குழியின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை இரு விரல் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். வரப்பு, மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம் கூடாது. இரைப்புனத்தில் இன்னொன்று: முயலும் மானும் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும் மூலையையும் விட்டுவிட வேண்டும், அந்த ஒரு பிடி மண் சாம்பல்சத்தைக் கூட்டிக் காட்டிவிடும். துத்தநாகம் பூசிய தகர வாளியும் பழைய உரச்சாக்கும் ஆகாது. எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர் இரண்டு பகுதிகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டலாம். புரட்டாசி விதைப்பென்றால் ஆனியிலேயே எடுப்பது நல்லது.

மூல நூலின் அட்டவணையை அப்படியே மொழிபெயர்க்கக் கூடாது. அங்கே பிரித்தெடுக்கும் கரைசல் வேறு, அலகு வேறு. நம் ஆய்வகங்களில் எக்டருக்குத் தழைச்சத்து 280, மணிச்சத்து 11, சாம்பல்சத்து 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு. முறையே 450, 22, 280-க்கு மேல் போனால் அதிகம். கரிமச் சத்து 0.5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் குறைவு.

‘சுண்ணாம்பு’ என்ற சொல்லையும் தனியே விடாதீர்கள். கடையில் போய்க் கேட்டால் வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைத்தான் கொடுப்பார்கள். கல் தூள் 100 கிலோ செய்யும் வேலையை நீற்றிய சுண்ணாம்பு 74 கிலோவும், நீற்றாத சுட்ட சுண்ணாம்பு 56 கிலோவும் செய்துவிடும். அளவை மாற்றாமல் போட்டால் முளை கருகும். நம் பக்கத்தில் முதலில் செய்ய வேண்டியது, ஒரு பிடி மண்ணில் நீர்த்த அமிலம் நாலு சொட்டு விடுவது. நுரைத்தால் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) கலந்த மண். சுண்ணாம்புப் பேச்சே வேண்டாம். கார நிலையை இறக்குகிறேன் என்று கந்தகம் வாங்குவதும் அங்கே வீண், உண்டாகும் அமிலத்தை அந்தச் சுண்ணாம்பே தின்றுவிடும்.

களர், உவர் இரண்டும் நம்மிடம் பழைய சொற்கள், பிரித்தே ஆள்வோம். களருக்கு ஜிப்சம் போட்டுக் கலந்து, நீர் நிறுத்தி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் போட்டதும் போடாததும் ஒன்று. உப்பு மட்டும் மிகுந்த உவருக்கு ஜிப்சம் எதற்கு, நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும்.

– ஒத்தக்கடை

*

வணக்கம் ஐயா. ஒரு சேர்க்கை, ஒரு எச்சரிக்கை.

நிலந்தேற்றிக்கு முதல் எடுத்துக்காட்டாகக் கரம்பையை, அதாவது கண்மாயின் வண்டல் மண்ணைப் போடுங்கள். செம்மண் புஞ்சைக்குக் கண்மாய்க் கரம்பை அடிப்பது எங்கள் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாத வேலை. வேலைக்குச் சொல் இருந்தது, வகைக்குத்தான் இல்லை. சென்ட்டுக்கு ஒரு கன மீட்டர் கொட்டினால் ஓர் அங்குலம் பரவும். அனுமதி வாங்கித்தான் அள்ள வேண்டும். அள்ளுமுன் கரம்பையின் உப்பு நிலையையும் பார்த்துவிட வேண்டும்.

எச்சரிக்கை ஆட்டுக்கிடை பற்றியது. சீமைக்கருவேலங் காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வரும். வயலென்றால் களையெடுப்பில் போய்விடும். ஆள் நுழையாத இரைப்புனத்தில் இரண்டு வருடத்தில் முள்காடுதான். அதனால் புழுக்கையைச் சூடு ஏற மக்க வைத்து, சென்ட்டுக்கு 50 கிலோ. இல்லையென்றால் ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடலாம். பயறுக்கு மணிச்சத்து வரி குறைவென்று வந்தால் மட்டும் சென்ட்டுக்கு 625 கிராம் சூப்பர் பாஸ்பேட். உங்கள் வரையறைப்படி அது உரம், பாதி ஜிப்சமாக இருந்தாலும்.

அப்புறம், கடலைக்காட்டை ஒட்டி இரைப்புனம் வைக்கலாம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். இங்கே பயறு தின்ன வரும் காட்டுப்பன்றி வரப்பு பார்க்காது.

– உசிலம்பட்டி

*

அம்மா, அந்த வரியை எடுத்துவிட்டேன். சொற்பட்டியலில் ஏற்றியது:

நிலந்தேற்றி (பெயர்): பயிருக்கு ஊட்டமாக அன்றி, மண்ணின் இயல்பை மாற்ற இடும் பொருள். கரம்பை, மக்கு எரு, அமில மண்ணில் சுண்ணாம்புக்கல் தூள், களரில் ஜிப்சம். ஒப்பிடுக: உரம்.

‘பஃபர்’ (கார அமில நிலை சட்டென மாறாமல் தாங்குவது) அடுத்தது. பாடநூல் ‘தாங்கல்’ என்கிறது; வட மாவட்டத்தார் அதை ஏரி என்று படிப்பார்கள். வெள்ளிக்குள் எழுதுங்கள்.

– ஒத்தக்கடை