ட்ரோபோனின் நெகட்டிவ் என்றால் வீட்டுக்குப் போகலாமா? (இதய என்சைம் டெஸ்ட்)

நொய்யல்கரை: "நெஞ்சு வலித்தால் ட்ரோபோனின் பாருங்கள், நெகட்டிவ் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று மஞ்சக்காட்டான் நேற்று எழுதியதைப் படித்துப் பகீரென்றது. எங்கள் அப்பாருக்கு விடியக்காலை 4 மணிக்கு, மாட்டுக்குச் சோளத்தட்டு போடும்போது வலி. 5 மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், நெகட்டிவ். வாய்வு என்று அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் மறுபடி எடுத்தால் பாசிட்டிவ். ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருப்பது; மாரடைப்பில் தசை சேதமானால் கசிந்து ரத்தத்தில் தெரிய 3 முதல் 6 மணி நேரம் ஆகுமுங்க.

மஞ்சக்காட்டான்: எங்க மாமாவுக்கு ஒரே டெஸ்ட், நெகட்டிவ். 6 வருசமாக நன்றாக இருக்கிறார். அனுபவத்தை விடவா உங்கள் மணிக்கணக்கு?

நொய்யல்கரை: வலி வந்து எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

லேப் அம்மணி: தலைப்பே தப்பு. ட்ரோபோனின் என்சைம் அல்ல, புரதம். மாரடைப்புக்கு முன்பு பார்த்துக்கொண்டிருந்த சிகே-எம்பிதான் (சிகே என்ற தசை என்சைமின் ஒரு வகை) என்சைம். ஈரோட்டில் 15 வருசம் ரத்தம் எடுத்த கை இது.

நொய்யல்கரை: என்சைமும் புரதம்தானுங்க அம்மணி.

லேப் அம்மணி: எல்லாப் புரதமும் என்சைம் ஆகிவிடாது. சிகே கை கால் தசையிலும் இருக்கிறது. மூட்டை தூக்கினாலும் ஏறும், சதையில் ஊசி போட்டாலும் ஏறும். அதனால்தான் ட்ரோபோனினுக்கு மாறினார்கள். தலைப்பை மாற்றுங்கள்.

மஞ்சக்காட்டான்: போன மாதம் மஞ்சள் ஈரப்பதம் பேசியபோதும் நொய்யல்கரை இப்படித்தான் துருவினார். களத்தில் ஒரு நாள் மஞ்சள் காயவைத்திருப்பாரா?

நொய்யல்கரை: மஞ்சளை விடுங்கள். சிகே-எம்பி 2, 3 நாளில் இறங்கிவிடும், ட்ரோபோனின் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். ஆனால் முதல் மணி நேரத்தில் இரண்டையும் நம்ப முடியாது. துளி ட்ரோபோனினையும் காட்டும், இப்போது வந்திருக்கும் ஹை சென்சிடிவிட்டி டெஸ்ட்டில்கூட 1 முதல் 3 மணி நேரம் இடைவெளி விட்டு மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். ஈசிஜியில் அடைப்பு பளிச்சென்று தெரிந்தால் ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவே கூடாது. மறுபடி கேட்கிறேன், மாமாவுக்கு எத்தனை மணி நேரம்?

மஞ்சக்காட்டான்: மாமா நன்றாக இருக்கிறார். அதுதான் பதில்.

நொய்யல்கரை: அது பதில் இல்லை. அப்பாருடைய ரிப்போர்ட் மூலையில் '5.10' என்று பேனாவில் எழுதியிருக்கிறது. வலி எப்போது வந்தது என்று எழுத இடமே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. எத்தனை மணி நேரமுங்க?

லேப் அம்மணி: தலைப்பு இன்னும் மாறவில்லை.