காரைக் குறைக்கக் குட்டி வண்டியா, பஸ்ஸா?

கேள்வி:
ஊருக்குள் கார் குறைய எது நல்லது? ஓட்டுநர் இல்லாத நாலு பேர் வண்டி, அதற்கென்று தனிப் பாதை, நடுவில் எங்கும் நிற்காது, அதுதான் வழி என்கிறார்கள் சிலர். பஸ், மெட்ரோ போதும் என்கிறார்கள் சிலர். காரில் ஏசி போட்டுக்கொண்டு போகிறவர் எதற்கு இறங்கி வருவார்?

பதில் 1:
பஸ்களுக்குக் கால அட்டவணை போடுவது என் பிழைப்பு. பஸ் பக்கம்தான் சாய்வேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குட்டி வண்டி வெறும் கனவில்லை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 2011 முதல் ஓடுகிறது. எங்கிருந்து எங்கே? கார் நிறுத்துமிடத்திலிருந்து ஐந்தாவது முனையத்துக்கு! அபுதாபியின் மஸ்தார் நகரில் ஊர் முழுக்கப் போடுவதாக இருந்தார்கள், சின்னத் தடத்தோடு நின்றுவிட்டது. அமெரிக்காவின் மார்கன்டவுனில் 1975 முதல் ஓடுவதில் ஒரு வண்டிக்கு 20 பேர் வரை ஏறலாம். என் கணக்கில் அது மினி பஸ்.

நெரிசல் நேரத்தைப் போட்டுப் பாருங்கள். 3 விநாடிக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 1,200 வண்டி. இருக்கை நாலு இருந்தாலும் வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் தனியாகத்தான் ஏறுவார். நிமிடத்துக்கு ஒரு பஸ், அதில் 60 பேர் என்றால் 3,600 பேர். 3 நிமிடத்துக்கு ஒரு மெட்ரோ, ஆயிரம் பேர் என்றால் 20,000.

கேட்டவர்:
கணக்கு சரி. அரை மணிக்கு ஒரு பஸ் வந்தால் யார் சார் நிற்பார்கள்?

பதில் 1:
யாரும் நிற்க மாட்டார்கள், நிற்கவும் வேண்டாம். 10 நிமிடத்துக்குள் அடுத்தது வரும் என்று தெரிந்தால் ஜனங்கள் அட்டவணையையே பார்ப்பதில்லை, நேரே நிறுத்தத்துக்கு வந்துவிடுகிறார்கள். (நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து போட்ட அட்டவணை!) ஆனால் அந்தப் பஸ்ஸும் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பத்து இருபதாகும், அப்புறம் மூன்று பஸ் வரிசையாக வந்து நிற்கும். அதனால் தனித் தடம் கட்டாயம் வேண்டும்.

பதில் 2:
கார்காரருக்குச் செலவு உறைக்காமல் எதுவும் நடக்காது. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் 2006-இல் ஊரின் நடுப்பகுதிக்குப் போய்வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணத்தைச் சோதனையாக வைத்தபோது, கட்டண எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. கூடவே பஸ்ஸும் அதிகமாக விட்டார்கள்.

பதில் 1:
ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். இரவு பத்துக்கு மேல் வண்டி இல்லையென்றால், திரும்பி வர நேரமாகும் என்று தெரிந்தவர் காலையிலேயே கார் சாவியை எடுத்துவிடுவார்.