மறு: எழுத்துவழி ஆட்டத்தில் வேடம் கட்டுவதற்கு என்ன சொல்?

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, ரோல்பிளே என்பதற்கு நீங்கள் சொன்ன 'பாத்திர நடிப்பு' வேண்டாம். நடிப்பு என்றாலே மேடை, பார்வையாளர் எல்லாம் கூடவே வந்துவிடும்; கூச்ச சுபாவக்காரர் வாசலோடு திரும்பிவிடுவார். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த, பலர் சேர்ந்து எழுத்தாலேயே ஆடும் 'மட்' ஆட்டத்திலேயே முகமும் இல்லை, குரலும் இல்லை. எதிராளி வரி போட்டதும் யோசித்து, தட்டி, அழித்து, அப்புறம் என்டர் அடிக்கலாம். நாலு பேர் நடுவில் நா எழாதவருக்கு அந்த அவகாசம்தான் ருசி. ஆகவே, வேடத்தில் தோய்ந்து ஆடுவதால், 'தோய்வாட்டம்' என்பேன்.

காரைக்குடியிலிருந்து:

ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று சின்னத் திரையில் தெரியாது அண்ணே. 'தொய்வாட்டம்' என்று படித்தால் ஆட்டமே படுத்துவிடும்! கூடுவிட்டுக் கூடு பாய்வதுபோல 'கூடுபாய்வு' என்று வைத்துப் பார்த்தேன், அதிலிருந்து வேடத்துக்குள் பேசுவதை 'கூட்டுப் பேச்சு' என்று பிரித்தால் கூட்டு, பொரியல் ஞாபகம் வருகிறது.

அதைவிட அவசரம், முக்காற்புள்ளிக் (:) கட்டளைக்குப் பெயர். மட் ஆட்டம் கட்டும் எவெனியா நிரலில் ':முகப்புத் தூணில் சாய்கிறாள்' என்று அடித்தால் 'வள்ளி முகப்புத் தூணில் சாய்கிறாள்' என்று விழும். பெயரை அப்படியே முன்னால் ஒட்டுவதால் எழுவாயாக மட்டுமே வரும். ':இன் கை நடுங்குகிறது' என்றால் 'வள்ளி இன் கை' என்று அசிங்கமாக நிற்கும். கண்ணனுக்கு 'கண்ணனின்', வள்ளிக்கு 'வள்ளியின்' என்று புணர்ச்சி மாறுவதை நிரல் அறியாது. வழி சுலபம்: ':கை நடுங்க நிற்கிறாள்'. வினையெச்சம் இருக்க வேற்றுமை உருபு எதற்கு?

இதற்கு 'மெய்ப்பாடு' பொருந்தாது. தொல்காப்பியர் சொன்ன எட்டும் உணர்ச்சி. கதவைத் திறப்பது எதில் சேரும்? 'செய்வரி' என்போம், பேசுவது 'பேச்சுவரி', வேடத்துக்கு வெளியே பேசுவது 'வெளிவரி'.

':முருகனைத் தள்ள, அவன் வளவில் விழுகிறான்' என்பது 'வரிப்பறிப்பு'. விழுவதா வேண்டாமா என்பது முருகனை ஆடுபவர் பாடு. ':தள்ளப் பார்க்கிறாள்' என்று நிறுத்த வேண்டும். புதியவர்கள் சண்டை பிடித்து வெளியேறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பள்ளத்தூரிலிருந்து:

செய்வரி, வரிப்பறிப்பு இரண்டும் இருக்கட்டும் தம்பி. தலைச்சொல் 'வேடத்தோய்வு'. வேடம் முன்னால் நிற்பதால் தொய்வென்று படிக்கத் தோன்றாது. 'வேஷம் போடுகிறான்' என்ற வசையும் தோய்வு சேர்ந்ததும் கழன்றுவிடும்.

உதவிப் பக்கத்தில் இவற்றைப் போடுங்கள். புதியவர் ஆட்டத்து வீட்டின் இரண்டாம் கட்டு அறையில், ஒரே ஒருவரோடு தொடங்கட்டும். அந்த அறைக்குப் பூட்டு வையுங்கள். வளவில், அதாவது நடுமுற்றத்தில், நாலு பேருக்கு மேல் சேர்ந்தால் வரிகள் ஓடிவிடும், யோசிக்கிறவருக்கு முறையே வராது. வந்த வரிசையிலேயே சுற்றி வரட்டும். ஒரு செய்வரிக்கு இரண்டு மூன்று வாக்கியம். எதிராளி பிடித்துக்கொள்ள ஏதாவது விட்டு முடிக்கணும்: கேள்வி, நீட்டிய தாம்பாளம், பாதி திறந்த கதவு. வெறும் 'சிரிக்கிறாள்' வந்தால் எதிராளி என்ன செய்வார், அவரும் சிரிப்பார்.

எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியாக வந்தால் ஆட்டத்துக்குள் நுழைய உதவும் மட்லெட் செயலியின் அமைப்பில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றச் சொல்லுங்கள்.